நீ பிடித்துக் கொடுத்த அறை

லால்குடி,
ஐப்பசி, ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். உன் அம்மா திண்ணையில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று போனில் நீ, “ரூம் எப்படிப்பா இருந்துச்சு, உண்மையைச் சொல்லுங்க” என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனை வாங்கி, “எல்லாம் சௌகரியமா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டாள். நீ வருத்தப்படக் கூடாது என்று அவள் அப்படிச் சொன்னாள். ஆனால் அது பாதிதான். உன் சம்பளத்தில் எங்களை நான்கு நாள் செட்டிநாடு அனுப்பி வைத்தாய். அதற்கு ஒழுங்காகக் கணக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. போனில் சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் ‘ஐயோ’ என்பாய், நான் நிறுத்திவிடுவேன். அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

நம் மாடி அறையை வாடகைக்கு விடச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். அதற்கும் இதிலேயே பதில் எழுதுகிறேன். முதலில் விடுதியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகப் பஸ்ஸில் போனோம். திருமயம் கோட்டை வந்ததும் உன் அம்மாவை எழுப்பிக் காட்டினேன். அதற்கப்புறம் காய்ந்த செம்மண் நிலம்தான். வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த நமக்கு, இந்த இடத்தில் போய் இவ்வளவு பெரிய வீடுகளை ஏன் கட்டினார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகின்றன. ஒரு வீட்டின் பக்கச் சுவர் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடிகிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில். அந்த ஒரு சுவரைக் கடப்பதற்குள் உன் அம்மா இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. எங்கோ ஒரு வாசலில் கோலம், எங்கோ ஒரு கொடியில் துணி. மற்ற வீடுகளில் பூட்டு.

நீ பதிவு செய்த இடத்தில் விடுதி என்று போர்டு கிடையாது. வாசலில் ஒரு மரப்பலகையில் சுண்ணாம்பால் ‘அறை உண்டு’ என்று எழுதிச் சாய்த்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். திண்ணைதான் ஆபீஸ். பழைய காலத்துக் கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசை ஒன்று, ஒரு நோட்டு, ஒரு டார்ச். பார்த்துக்கொள்கிறவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பன்னிரண்டு வயதில் எடுபிடி வேலைக்கு வந்தவர், அப்படியே அந்த வீட்டோடு இருந்துவிட்டாராம். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை படைப்புக்கு எல்லோரும் வந்து, முன்னோரைக் கும்பிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். பங்காளிகளில் ஒருவர், வீடு சும்மா கிடக்க வேண்டாம் என்று தம் பொறுப்பில் இருக்கும் நான்கு அறைகளை மட்டும் வாடகைக்கு விடச் சொல்லியிருக்கிறார். காலைப் பலகாரத்தோடு ஒரு நாளைக்கு 1,100 ரூபாய்.

அறைகளின் நம்பர் 1, 2, 4, 5. மூன்று இல்லை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எங்களுக்கு இரண்டாம் நம்பர். சாவி என் முழங்கையில் பாதி நீளம். முதலில் பின்பக்கமாக ஒரு சுற்று, பிறகு முன்பக்கமாக இரண்டு சுற்று. அந்த அண்ணன் பொறுமையாக மூன்று தரம் செய்து காட்டினார். நிலை உயரம் குறைவு. முதல் நாள் நெற்றியில் நன்றாக இடித்துக்கொண்டேன், வீக்கம் இன்னும் இருக்கிறது. உள்ளே பத்தடிக்கு எட்டடி இருக்கும். ஜன்னல் கிடையாது, மேலே ஒரு சின்னக் காற்றுத் துவாரம் மட்டும். ஒற்றை மின்விசிறி. அதன் சுவிட்ச் அறைக்கு வெளியே, வளவுத் தூணில் இருக்கிறது. முற்றத்தைச் சுற்றித் தூண் வைத்த கூடத்தைத்தான் வளவு என்கிறார்கள். முதல் நாள் இரவு வேறு யாரோ தங்கள் அறை சுவிட்ச் என்று நினைத்து அதை அணைத்துவிட்டார்கள். எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்தேன். மெத்தை மெலிசு. விரிப்பு வெயிலில் காய்ந்த வாசனையோடு சுத்தமாக இருந்தது, தலையணைக்கு அந்த வாசனை இல்லை. மறுநாள் கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். போனுக்கு டவர் அறைக்குள் வராது. நீ இரண்டு நாள் கூப்பிட்டுக் கிடைக்காமல் பயந்ததற்கு அந்தச் சுவர்தான் காரணம்.

இனி பெரிய குறைக்கு வருகிறேன். பாத்ரூம் அறையோடு இல்லை. வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, மூன்று படி இறங்கிப் பின்கட்டுக்குப் போக வேண்டும். பிற்பாடு கட்டியது. பழைய சுவரை ஒட்டி ஹாலோ பிளாக் வைத்து எழுப்பியிருக்கிறார்கள். தரையின் வாட்டம் தப்பு. குளித்த தண்ணீர் சாக்கடைப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வந்து தேங்குகிறது. அதைவிடத் தப்பு, பழைய சுண்ணாம்புச் சுவரின் மேலேயே சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வாங்கியதை வெளியே விடும். மேலே சிமெண்டை அடைத்துவிட்டால் ஈரத்துக்குப் போக வழியில்லை. உள்ளேயே தங்கி, ஓதம் ஏறி, பூச்சைத் தள்ளிவிடும். அங்கே இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் பொங்கி நிற்கிறது. விரலால் தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம் வருகிறது. முப்பத்தெட்டு வருடம் கொத்தனாராகக் கரணை பிடித்தவன், என்னால் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் குளிக்க முடியவில்லை. சிமெண்டை மூன்றடிக்குக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்து போட்டுக் காயவிட்டு, அப்புறம் சுண்ணாம்பாலேயே பூசச் சொன்னேன். அந்த அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது நாள் இரவு இரண்டு மணி இருக்கும். உன் அம்மா எழுந்தாள். வெளியே நல்ல மழை. டார்ச்சோடு நானும் கூடப் போனேன். அந்த மூன்று படியில் கடைசிப் படி பாசி பிடித்துக் கிடந்திருக்கிறது. வெளிச்சம் இல்லை. கால் வழுக்கிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள், விழவில்லை. ஆனால் முழங்கால் திருகிக்கொண்டது. அவள் வலியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கு அப்படிக் கோபம் வந்தது. காலையில் அந்த அண்ணனிடம், வயதானவர்கள் தங்குகிற இடத்தில் படிக்கு ஒரு பல்பு போடக் கூடாதா என்று கேட்டேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பாசியைச் சுரண்டி, கயிற்றுப் பாய் விரித்து, அன்று சாயங்காலத்துக்குள் பல்பும் போட்டுவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நேற்று லால்குடி டாக்டரிடம் காட்டிவிட்டேன். அம்மா இதை உன்னிடம் மறைத்தாள் என்று கோபித்துக்கொள்ளாதே.

அந்த இரவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது அவளால் உடனே நடக்க முடியவில்லை. வளவில் ஒரு தூணைச் சாய்ந்து உட்கார வைத்தேன், நானும் உட்கார்ந்தேன். நடுவில் முற்றம், நாலாபுறமும் ஓட்டுக்கூரை உள்பக்கமாகச் சரிந்து நிற்கிறது. ஊரில் பெய்கிற மழை மொத்தமும் அந்த முற்றத்துக்கு வந்து இறங்குகிற மாதிரி இருந்தது. நான்கு மூலையிலும் தகரத் தூம்பு வழியே தண்ணீர் கயிறு போல விழுந்தது. அந்தக் காலத்தில் அதன் கீழே அண்டா வைத்துப் பிடிப்பார்களாம். மிச்சத் தண்ணீர் முற்றத்து ஓட்டை வழியே வெளியே போய்விடும். எங்கள் மேல் ஒரு சாரல்கூட விழவில்லை. காற்று மட்டும் வந்தது. “எங்க ஆத்தா வீட்டு முற்றம் ஞாபகம் இருக்கா, நீங்க பொண்ணு பார்க்க வந்தப்ப மழை” என்றாள் உன் அம்மா. எனக்கு ஞாபகம் இருந்தது. மழை விடும் வரைக்கும், மூன்றரை மணி இருக்கும், அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு வலி இருந்தது. இருந்தும் எழுந்திருக்க மனசில்லை என்றாள்.

சரி, சுவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. உன் தாத்தா சுண்ணாம்பு அரைத்த ஆள். நான் வேலைக்கு வந்தபோது சிமெண்ட் மூட்டை வந்துவிட்டது. அவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேனே தவிர, முழு வீடே அப்படிப் பூசியிருப்பதைத் தொட்டுப் பார்த்தது இப்போதுதான். சுண்ணாம்பை நீற்றிப் புளிக்க வைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே போவார்கள். மேல் பூச்சுக்கு இன்னும் மாவு மாதிரி அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். பெயிண்ட் கிடையாது. நூறு வருடத்துக்கு மேல் ஆன சுவர், இன்றைக்கும் கையை வைத்தால் பளிங்கு மாதிரி வழுக்குகிறது, குளிர்கிறது. நான் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். பகலில் வெளியே கல் காய்கிற வெயில் அடித்தாலும் ஜன்னல் இல்லாத அந்த அறையில் எங்களுக்கு வியர்க்கவில்லை. சுவரின் கனமும், உயரமான கூரையும், சூட்டை மேலே இழுத்து விடுகிற முற்றமும் சேர்ந்துதான் அப்படி. ஏசி இல்லை என்று நீ கவலைப்பட்டாய், அந்தக் கவலையை விட்டுவிடு.

நாலாம் நம்பரில் கட்டடக்கலை படிக்கிற இரண்டு பிள்ளைகள், ஒரு பையனும் அவன் அக்காவும், தங்கியிருந்தார்கள். காலையிலிருந்து டேப்பும் நோட்டுமாகத் தூண்களை அளந்துகொண்டே இருந்தார்கள். நான் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் பேச்சுக் கொடுத்தாள். எது பழைய பூச்சு, எது பிற்பாடு ஒட்டுப் போட்டது என்று தட்டிக் காட்டினேன். சத்தத்திலேயே தெரியும் என்று சொன்னதும் இருவரும் சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள், பாப்பா. என் வேலையைப் பற்றி யாரும் இதுவரை எழுதிக்கொண்டதில்லை. யுனெஸ்கோ 2014-இல் இந்தச் செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தன் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்று அந்தப் பெண்தான் சொன்னாள். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கானாடுகாத்தான் அரண்மனைக்கும் எங்களைக் கூட்டிப் போனார்கள். வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

நாங்கள் தங்கிய அறை ஏன் அவ்வளவு சின்னது என்பதைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் விளக்கினார். அது படுப்பதற்குக் கட்டிய அறையே இல்லையாம். ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணம் ஆனதும் வளவைச் சுற்றி ஓர் அறை, பின்கட்டில் ஓர் அடுப்பு. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு ‘புள்ளி’. கோயிலுக்கு வரி கொடுப்பதுகூடப் புள்ளிக் கணக்கில்தான். மருமகள் கொண்டுவந்த சீர், பெட்டி, பாத்திரம் எல்லாம் அந்த அறைக்குள். ஆண்கள் திண்ணையிலும் முகப்பிலும் படுப்பார்கள், மற்றவர்கள் வளவில் பாய் விரித்துக்கொள்வார்கள். ஒரே வீடு, ஐந்து மகன், ஐந்து அடுப்பு, ஐந்து பூட்டு. சேர்ந்தும் இருக்கலாம், தனியாகவும் சமைத்துக்கொள்ளலாம். நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

தூணெல்லாம் பர்மாத் தேக்கு. என்னால் கட்டிப் பிடித்துக் கையைக் கோத்துக்கொள்ள முடியவில்லை. கப்பலில் வந்த மரம். பர்மாவில் நெல் விளைகிற பூமிக்கெல்லாம் கடன் கொடுத்தவர்கள் இந்த ஊர்ச் செட்டியார்கள். 1942-இல் ஜப்பான்காரன் உள்ளே வந்தபோது எத்தனையோ பேர் காடு மலை வழியாக நடந்தே இந்தியா வந்தார்கள். 1948-இல் அங்கே நிலத்தை அரசாங்கமே எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. 1964-இல் கடை கண்ணியும் போய், மிச்சம் இருந்தவர்களும் கையோடு வந்ததோடு திரும்பினார்கள். வருமானம் நின்றபோது வீட்டை வைத்துக் காப்பாற்றுவது எப்படி? ஒவ்வொரு வீடாகத் தூணும் நிலையும் விலைக்குப் போக ஆரம்பித்தன.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் அவற்றைக் கண்ணால் பார்த்தேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, கஜலட்சுமி செதுக்கிய நிலை, எல்லாம் வெயிலில் கிடக்கின்றன. ஒரு நிலைக்கதவின் ஓரத்தில் மஞ்சள் குங்குமம் வைத்த கறை இன்னும் இருந்தது. 2003-இல் திருச்சியில் ஒரு புது வீட்டுக்கு இப்படி வந்த நான்கு தூண்களை நானே நிறுத்திக் கொடுத்தேன். நீ சின்னப் பெண், என்னோடு வந்து அந்தத் தூணைச் சுற்றி ஓடினாய். அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தத் தெருவில் நின்றபோது அது மனசில் குத்தியது. உன் அம்மா அங்கிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய், தனக்கு ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்துக்கொண்டாள். அரக்கில் மஞ்சள் கட்டம், அகலக் கரை. உன் பணத்தில் 1,850 ரூபாய் அதற்குப் போனது.

சாப்பாட்டுக்குக் குறையே சொல்ல மாட்டேன். இன்னது வேண்டும் என்று கேட்க முடியாது, சமைக்கிற அக்கா அன்றைக்கு எதைச் செய்கிறாரோ அதுதான். இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் காலை பத்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். பணியாரம் ஓரத்தில் மட்டும் லேசாக முறுகி, நடுவில் பஞ்சு. பச்சரிசியும் உளுந்தும் ஊற வைத்து அரைத்து, புளிக்க விடாமல் அப்போதே ஊற்றி எடுப்பது. அம்மா அடுப்படிக்கே போய் அளவு கேட்டு வந்திருக்கிறாள்: அரிசியைப் படியில் தலை தட்டி அளந்து, அதன் மேல் கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து, அவ்வளவுதான் சேர்க்க வேண்டுமாம். மத்தியானம் வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகப் போட்டு வைக்கிறார்கள். அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு நான் இன்னொரு தரம் கேட்டு வாங்கினேன். கவுனி அரிசி செய்த நாளில் உன்னை நினைத்தோம். நீ இருந்திருந்தால் தேங்காய்ப்பூவை மட்டும் தனியாக அள்ளியிருப்பாய்.

ஒரு நாள் பிள்ளையார்பட்டி போய்க் கற்பக விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, திரும்பும்போது ஆத்தங்குடியில் இறங்கினோம். டைல்ஸ் செய்கிற பட்டறையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன், உன் அம்மாவுக்கு ஸ்டூல் போட்டார்கள். சூளையே கிடையாது பாப்பா. கீழே ஒரு கண்ணாடி, அதைச் சுற்றி இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணிலும் வேறு வேறு கலர்ச் சாந்தைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெதுவாகத் தூக்கினால் கலர் கலக்காமல் நிற்கிறது. மேலே உலர்ந்த மணல் சிமெண்ட் தூவி, அதற்கு மேல் கலவையை அடைத்து மட்டம் தட்டுகிறார்கள். இறுகினதும் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து, பிறகு காயவிட்டால் கண்ணாடி தானாகக் கழன்று வருகிறது. கண்ணாடியின் பளபளப்பு கல்லில் ஏறிவிடுகிறது. ஊற்றியவருக்கு என் வயசு இருக்கும். நானும் ஒன்று ஊற்றிப் பார்க்கிறேன் என்றேன், கரண்டியைக் கொடுத்தார். சிவப்புக் கொஞ்சம் மஞ்சளில் கலந்துவிட்டது. அவர் அதையும் மற்றவற்றோடு காய வைத்தார்.

இப்போது மூன்றாம் அறை.

மூன்றாம் நாள் காலை, எங்கள் அறைக்கும் நாலாம் நம்பருக்கும் நடுவில் இருந்த பூட்டிய கதவின் நிலையில் ஒரு மண் வரியைப் பார்த்தேன். கரையான். விரல் நகத்தால் சுரண்டினால் பூச்சி ஓடியது. அந்த அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. அது இன்னொரு பங்காளியின் அறை. அவர் வாடகைக்கு விடச் சம்மதிக்கவில்லை. தன் அம்மா சீராகக் கொண்டுவந்த சாமான் எதையும் யாரும் தொடக் கூடாது என்று பூட்டிவிட்டுப் போனவர், படைப்புக்கு வந்தாலும் கதவுக்கு வெளியே விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாராம். பதினோரு வருடமாக அந்தப் பூட்டைத் திறக்கவில்லை. போன் போட்டு அனுமதி கேட்டார்கள். திறக்கச் சொன்னார். சாவி திரும்பவில்லை. எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து நான்தான் திறந்தேன்.

உள்ளே நிற்க முடியவில்லை. மேலே நாலு ஓடு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் ஆரம்பம். அந்த வழியாக ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் இறங்கி, பலகை உளுத்து, ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தது. மரப்பெட்டியின் அடிப்பலகையைக் கரையான் தின்றுவிட்டு, மேலே பட்டுச் சேலையையும் தின்றிருந்தது. பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரங்கள் மட்டும் பச்சை பூத்து மிச்சம் இருந்தன. இந்தப் பக்கம் எங்கள் அறை, அந்தப் பக்கம் அந்தப் பிள்ளைகளின் அறை. அதே கொத்தன், அதே சுண்ணாம்பு, அதே தேக்கு. இரண்டு பக்கமும் சுவர் பளிங்காக நிற்கிறது. தினமும் யாரோ ஒருவர் படுத்து எழுந்து, பெருக்கி, ஒழுகினால் கத்தி, ஓட்டைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். வேறு வித்தியாசம் இல்லை.

அந்த அண்ணன் கதவுக்கு வெளியே நின்று மறுபடியும் அறைக்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பெரியவர், “எல்லாம் நல்லாத்தானப்பா இருக்கு?” என்று கேட்டார். வயதான குரல். அந்த அண்ணன் சுவரையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, “இருக்குய்யா” என்றார். எனக்கு என்னவோ செய்தது. போனை வாங்கி, நான் யார் என்று சொல்லிவிட்டு, ஐயா, கூரை ஒழுகுகிறது, பெட்டி போய்விட்டது, பாத்திரம் இருக்கிறது, இப்போதே ஓட்டை மாற்றினால் சுவரைக் காப்பாற்றிவிடலாம் என்று உள்ளதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், “சேலை என்ன கலர்ல இருக்கு?” என்று கேட்டார். அரக்கு என்றேன். “அதுதான், அதுதான்” என்றார். அடுத்த நாளே ஓட்டுக்கு ஆள் வைக்கப் பணம் அனுப்பினார். நான் கிளம்புவதற்கு முன் மேலே ஏறி, சட்டம் எது தாங்கும், எதை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். எங்கள் அறைக்கு நாலாம் நாள் வாடகையை அந்த அண்ணன் வாங்க மறுத்தார். நான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்து பையை வைத்ததும் நேராக நம் மாடிக்குப் போனேன். நீ ஹைதராபாத் போனதிலிருந்து ஆயுத பூஜைக்கு மட்டும்தான் அந்த அறையைத் திறக்கிறேன், உனக்குத் தெரியும். வாடகைக்கு விடு என்று நீ சொன்னபோதெல்லாம், நீ இனி வர மாட்டேன் என்று சொல்வதாக எனக்குக் கேட்டது. அதனால்தான் பதில் சொல்லாமல் இருந்தேன். திறந்து பார்த்தால், கிழக்கு ஜன்னல் சட்டத்துக்குக் கீழே ஓதம். குளவி கூடு கட்டியிருக்கிறது. உன் பத்தாம் வகுப்புப் புத்தகங்களில் பூச்சி. நான் கட்டிய சுவர், என் வீட்டுக்குள்ளேயே, எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் ஒருத்தி புரட்டாசியிலிருந்து வீடு தேடிக்கொண்டிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் வந்து பார்த்தாள், பிடித்திருக்கிறது என்றாள். ஜன்னல் வேலைக்கு இரண்டு நாள் போதும், நானே செய்துவிடுவேன். கார்த்திகை முதல் தேதி பால் காய்ச்சுகிறாள். பொங்கலுக்கு நீ வரும்போது ஹாலில் மூன்று பேரும் பாய் போட்டுக்கொள்வோம். அம்மா இப்போதே புதுப் பாய்க்குச் சொல்லிவிட்டாள்.

உன் இரும்புப் பெட்டியைக் கீழே இறக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் வெயிலில் பரப்பி வைத்திருக்கிறேன். ஓட்டப் பந்தயக் கோப்பை, நோட்டுகள், அந்த நீலப் பாவாடை. எதை வைத்துக்கொள்வது, எதை எடைக்குப் போடுவது என்று எழுது. அந்த அறையின் இன்னொரு சாவி உன்னிடம்தான் இருக்கிறது. ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்பு, டீச்சருக்கு இரண்டு சாவி வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா